பிளெவ்னா விழாத ஊர்

சிங்கப்பூர், 1877 அக்டோபர்

என் கண்மணி மருமகள் மெலூருக்கு, படகைப் பார்த்தாலே வாந்தியெடுக்கும் மாவீரனாகிய உன் தாய்மாமன் ஜூசோ எழுதுவது. இங்கே நலம், கடன்காரர்கள் உட்பட.

பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். ருஷ்யாக்காரன் மூன்றாம் முறையும் நம் கலீபாவான துருக்கி சுல்தானின் பிளெவ்னா கோட்டையை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினானாம். பத்திரிகை சொல்லக் கூச்சப்பட்டதை நான் சொல்கிறேன்: கோட்டைத் தளபதி பாஷா பீரங்கிக் குண்டை உள்ளங்கையில் பிடித்து, சூடு வீணாகக் கூடாதென்று அதன்மேல் காப்பிப் பாத்திரத்தை வைத்தார். அவர் தும்மினால் ருஷ்யக் குதிரைகள் மூன்று ஊர் தள்ளி விழுகின்றன. பதினைந்து நாளில் போர் முடிந்துவிடும். உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

மாமன் ஜூசோ

திரெங்கானு, நவம்பர்

அன்புள்ள மாமா,

என் குடியைக் கெடுத்தீர்கள். பத்திரிகையையும் உங்கள் கடிதத்தையும் ஊரே கூடியிருக்கப் படித்தேன். காப்பிப் பாத்திரம் வந்ததும் அப்பா எழுந்து, இமாம் முன்னால் நேர்ச்சை செய்துவிட்டார்: "பிளெவ்னா ஜெயிக்கட்டும். அன்னிக்குத்தான் என் பொண்ணுக்கு நிக்காஹ்."

அடுத்த மாதம் நாள் குறித்திருந்தது. எனக்கு நிச்சயித்த தெராமான் வேலியோரம் நின்று, "ருஷ்யாக்காரனுக்கும் எனக்கும் என்ன பகை, மெலூர்?" என்று கேட்டார்.

நாளை கடைசிப் படகு. பிறகு மழைக்காலக் கடல் ஆற்றுமுகத்தை அடைத்துவிடும். மார்ச் வரை பத்திரிகை கிடையாது. குண்டைப் பிடித்த கதையைப் பத்திரிகையில் தேடினேன், இல்லை. கோட்டைக்குள் இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? தண்ணீர் எப்படி வருகிறது? அதுவும் இல்லை. விசாரித்து எழுதுங்கள்.

மெலூர்

சிங்கப்பூர், டிசம்பர். முதல் படகில் வரும்

மருமகளே,

கோட்டை விழுந்துவிட்டது. உள்ளே உணவு தீர்ந்து, எல்லோரும் முற்றுகையை உடைக்க வெளியே பாய்ந்து பார்த்திருக்கிறார்கள். பாஷா காலில் குண்டு, கைதாகிவிட்டார். துறைமுகத்துக் காப்பிக் கடையில் நான் நான்கு குவளை குடித்தும் பேச்சு வரவில்லை. என் வாழ்வில் இது முதல் தடவை, ஊரார் சாட்சி.

இந்தக் கடிதம் மூன்று மாதம் என் பெட்டியில் கிடக்கும். அதுவரை உங்கள் ஊரில் பிளெவ்னா விழவில்லை. பொறாமையாக இருக்கிறது.

யோசனை சொல்கிறேன், கேள். பத்திரிகை அங்கே உன் ஒருத்திக்குத்தான் படிக்க வரும். தோற்றது என்று இருந்தால் வென்றது என்று படி. நீ படிப்பதுதான் அங்கே போர். விருந்துக்கு மட்டும் என்னை மறக்காதே.

ஜூசோ

திரெங்கானு, 1878 மார்ச்

அன்புள்ள மாமா,

மழைக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பழைய பத்திரிகையையே படிக்கச் சொன்னார்கள். ருஷ்யாக்காரன் மூன்றாம் முறை தோற்றதை எங்கள் ஊர் எத்தனையோ முறை கொண்டாடிவிட்டது.

படகு வந்ததும் தெராமானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பத்திரிகையையும் உங்கள் கடிதத்தையும் வாங்கிவந்தார்; கடிதத்தை முதலில் எனக்குள் படித்துக்கொண்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது; என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்ன 'வென்றது' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பசியோடு வெளியே பாய்ந்தார்கள் என்ற வரி வந்தது, மாமா. நான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் அது. அதை மாற்ற மனம் வரவில்லை. உள்ளபடியே படித்தேன்.

இமாம்தான், "நேர்ச்சைய விட்டுடலாம். பத்து ஏழைக்குச் சோறு போட்டாப் போதும், பரிகாரம் உண்டு" என்றார். அப்பா, "சொன்ன சொல்ல விட்டுட்டு நான் எங்க போய் உக்காருவேன்?" என்று சீறினார். அப்புறம் என்னிடம் திரும்பி, "கடைசியில சாப்பிட ஒண்ணுமே இல்லியாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன்.

மறுநாள் எருமை அறுத்தார். பத்துப் பேருக்குத் தம் கையாலேயே பரிமாறினார். கைகழுவிக்கொண்டே தெராமானைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை வந்துடு. இந்தக் கிழிஞ்ச சட்டையோட வராத" என்றார்.

திருமணம் நல்லபடி நடந்தது. உங்கள் பங்கை உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

பிடிபட்டவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று அப்பா தினமும் கேட்கிறார். தெராமானும் கேட்கிறார். அடுத்த பத்திரிகையில் மிளகு விலைதான் இருக்கிறது. துறைமுகத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும். விசாரியுங்கள், மாமா. தெரிந்த அளவு எழுதினால் போதும்; ஒரு வரியானாலும் சரி.

மெலூர்