தண்ணீர்ப் பானைக்குக் காவல்

ஆகஸ்டு 19, திங்கள்

சண்டை முடிந்து ஒரு வருடம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து விளக்கில் சுற்றிய கறுப்புத் துணியெல்லாம் அடுப்புத் துணியாகிவிட்டது. ரேஷன் அரிசி மட்டும் போகவில்லை. இந்த வருடம்தான் எங்கள் திரேஸ்புரத்தில் மறுபடி காலரா.

மேற்கேயிருந்து கச்சான் காற்று. வாயெல்லாம் மண்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் செசிலி எழுதுகிறாள். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள்.

"யாருக்கு மாமா இது?"

"யாருக்கும் இல்ல. காலராவுல செத்தவுக பேரை எழுது."

எனக்கு இருபது வயதில், வெள்ளைக்கார ராணி காலத்து முத்துக்குளிப்பில், இதே நோய். எழுதி வைக்க ஆளில்லை. மணலில் புதைத்தோம். சிலுவைகூடக் கிடையாது.

இன்று வரை: வலைக்கார லாசர். அவன் பெண்சாதி. கருவாட்டுக்கடை அண்ணாச்சி. கிணற்றடி வீட்டுக் கைக்குழந்தை, பேர் வைக்கவில்லை.

ஊசி போட வரச்சொல்லித் தமுக்கு. தெருவே காலி. எதிர்வீட்டுப் பிலோமி கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்தாள். "ஏளா, ஒன் ஒடம்புக்குக் கோழிக்கூடு காணாது. வள்ளத்துக்குப் பின்னால போயி நில்லு!" என்று அவள் புருஷனே கத்தினான். சிரித்தோம். செசிலி போய்ப் போட்டுக்கொண்டாள். மகன் அருளப்பன் மாட்டேன் என்றான். கை வீங்கினால் வலை இழுக்க முடியாதாம்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மை குத்த வந்தபோது என்னை மீன்கூடையால் மூடி, மேலே உட்கார்ந்தாள் என் அம்மா. அப்போது எங்கள் வீட்டில் அம்மைக்கு வேப்பிலை ஒன்றுதான். கடலடியில் காது வெடித்தால் பூண்டெண்ணெய். குளிர்காய்ச்சலுக்கு முதலில் தாயத்து, பிறகு கொய்னா மாத்திரை. காலராவுக்குக் குதிகாலில் பழுக்கக் காய்ச்சின இரும்பால் சூடு. அதோடு, தண்ணீர் கொடுக்காதிருப்பது.

ஆகஸ்டு 20, செவ்வாய்

உச்சிப்பொழுதில் அருளப்பன் நோயில் விழுந்தான். கஞ்சித்தண்ணீர் மாதிரிப் போகிறது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தண்ணீர்ப் பானையைத் தூக்கி முற்றத்தில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"நாக்கு ஒட்டுதாம் மாமா. ஒரு மடக்கு."

"ஒரு சொட்டு கூடாது. உள்ள போறதெல்லாம் குடலையும் சேத்து வெளிய இழுத்துட்டு வரும்."

"யாரு சொன்னா?"

"வைத்தியர் சொன்னாரு."

"எந்த வைத்தியர்?"

அவர் செத்து நாற்பது வருடம் இருக்கும். பானை மூடியை அழுத்தி வைத்தேன்.

"அப்பா... அப்பா..." என்று உள்ளேயிருந்து. குரல் அவனுடையதாக இல்லை. சாயங்காலம் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாள் முழுக்கக் கடலுக்குள் முங்கியவன் விரல் போலச் சுருங்கிக் கிடக்கிறது. தண்ணீரில் இறங்காமலே.

பட்டியலில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். செசிலி எழுதவில்லை. இதையெல்லாம் மனசில் வைத்திருக்கிறேன், பிறகு எழுதச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டு 21, புதன்

விடிந்ததும் செசிலி என்னைக் கேட்காமல் மாட்டுவண்டி பிடித்தாள். கடற்கரையில் காலரா ஆஸ்பத்திரிக் கூடாரம். முப்பதைத் தாண்டாத ஒரு டாக்டரம்மா.

"எப்போலேருந்து தண்ணி குடிக்கல?"

செசிலி என்னைப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம். நாந்தான் விடல."

"உடம்புல இருக்கற தண்ணி பூரா வெளிய போயிடுது பெரியவரே. அதுலதான் ஆள் சாகுறான். நீங்க வேற பானையை எடுத்து வச்சிட்டீங்க."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நரம்பு அகப்படவில்லை. கணுக்காலில் கீறித் தேடி ஊசியைச் செருகினார். மேலே கண்ணாடிப் புட்டி கவிழ்ந்து தொங்குகிறது.

"அதுல என்ன மருந்து தாயி?"

"உப்புத் தண்ணி."

வேறென்ன என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். வெளியே போய் மணலில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் புட்டியில் கண் திறந்தான். செசிலி பேரைச் சொன்னான். என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் புட்டி. காய்ச்சி ஆறின தண்ணீரைக் கேட்கும்போதெல்லாம் வாயிலும் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் நேற்றிலிருந்து மூத்திரம் இல்லை. "அது பிரிஞ்சா பிழைப்பார். இல்லேன்னா என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஆகஸ்டு 22, வியாழன்

காலையில் மூத்திரம் இல்லை. பத்து மணிக்கு இல்லை. நர்சு கட்டிலடியில் சட்டியைக் குனிந்து பார்க்கிறாள், போகிறாள். முதலில் தலையை ஆட்டிச் சொன்னாள். இப்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அருளப்பன் முகம் ஊதியிருக்கிறது. பேச்சு குழறுகிறது.

பக்கத்துக் கட்டிலில் துணியைத் தலை வரை இழுத்துவிட்டார்கள்.

மத்தியானம் செசிலி நோட்டை எடுத்து வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். விட்டுப்போன நாட்களை நான் சொல்லச் சொல்ல எழுதி முடித்தாள்.

"முத்துக்குளிப்புல என்ன நடந்துச்சு? சொல்லுங்க, எழுதுதேன்."

சொன்னேன். ஓலைக் கொட்டகையில் நோயாளிகள். நல்ல தண்ணீர் படகில்தான் வரும். நோய் தொடாத ஆள் நான், பலசாலி. பானைக்குக் காவல் வைத்தார் வைத்தியர். உள்ளே என் அண்ணன் சந்தியாகு. "ஏலே தம்பி, உள்நாக்கை நனைச்சு மட்டும் விடுலே" என்று இரண்டு நாள் கெஞ்சினான். கெட்ட வார்த்தையிலும் திட்டினான். நான் கொடுக்கவில்லை.

"தெரியாமத்தான செஞ்சீக?" என்றாள். எழுதிக்கொண்டே. தலை நிமிராமல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாள்.

இல்லை என்றேன். விடியலில் கண்ணயர்ந்துவிட்டேன். கொட்டகையிலிருந்து நோயாளி ஒருவன் தவழ்ந்து வந்து பானைக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். துடுப்பால் முதுகில் அடித்தேன். அடியை வாங்கிக்கொண்டே குடித்தான். அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். என் கண்ணால் பார்த்தேன். சந்தியாகுவுக்கு அப்போது உயிர் இருந்தது. பானையில் தண்ணீரும் இருந்தது. நான் மூடியை வைத்து மறுபடி உட்கார்ந்தேன். மறுநாள்தான் அண்ணன் போனான்.

செசிலியின் கை நின்றது. எழுது என்றேன்.

"பாத்த பெறகுமா மாமா? பாத்துட்டு, எம் புருசனுக்கும்..."

நர்சு வந்தாள். குனிந்தாள். போனாள்.

"அந்தத் தண்ணி குடிச்சவரு பேரு என்ன?" என்றாள் செசிலி.

அந்தக் கொட்டகையில் கிடந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். காயல்பட்டினத்தில் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்து. இந்த ஊருக்கு வந்து எதிர்ப்பட்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். எழுது.

காதர் மீரான்.