அலமாரிக்குள் நான் பேசவில்லை

அன்பு மகளுக்கு,

நான் அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு உன் அப்பாவோடு பேசுவதில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள். உன் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் நீயே சொல்லித் திருத்து. கதையைக் கட்டிவிட்ட கீழ்வீட்டு நர்ஸம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் உடம்புக்குக் குறைவில்லை. உங்கள் நலனைக் கடைசியில் விசாரிக்கிறேன், அதற்குள் கோபம் இறங்கியிருந்தால்.

நான் பாட்டுப் பதிவு செய்கிறேன். கான்வென்ட்டில் கற்ற கிட்டார், நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள், ஒரு மைக், உன் மகள் வேண்டாமென்று விட்டுப்போன பழைய லேப்டாப். இவ்வளவுதான் சாமான். என் அறையோ வெறும் சுவர். வாயைத் திறந்தால் குரல் நாலு பக்கமும் முட்டித் திரும்பி மைக்கில் விழுகிறது. போட்டுக் கேட்டால் காலித் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடியது போல இருக்கிறது. துணி இருந்தால் அந்த எதிரொலியைக் குடித்துவிடும். வீட்டில் துணி அடர்த்தியாகத் தொங்கிய ஒரே இடம் உன் அப்பாவின் அலமாரி. அதனால் இரண்டு கதவையும் விரியத் திறந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு, மைக்கை ஒரு ஹாங்கரில் கட்டி, அவருடைய சட்டைகளுக்கும் ரயில் கார்டு கோட்டுக்கும் நடுவில் தொங்கவிட்டேன். முகத்தை உள்ளே கொடுத்துப் பாடினேன். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நினைத்த காட்சி இதுதான்.

நர்ஸம்மா கேட்டது பாட்டின் முதல் வரி. ‘இன்னும் வண்டி வரவில்லை’ என்று தொடங்கும். அந்த வரியில் எனக்கு நடுவில் மூச்சு உடைந்தது. உடைந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். மறுபடி பாடினேன். மறுபடியும் பாடினேன். அந்தம்மா உடனே உன் தம்பி சின்னவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். “தம்பி, அம்மா காலையிலேருந்து இன்னும் வண்டி வரல, இன்னும் வண்டி வரலன்னு ஒரே அழுகைப்பா. அப்பா டூட்டி முடிஞ்சு வருவாருன்னு உக்காந்திருக்காங்க போல” என்றாளாம். நான் அழவில்லை. அது மேல் ஸ்தாயி. ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அழுகைக்கும் மேல் ஸ்தாயிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அங்கே படுத்திருந்தவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அடுத்தது கடிகாரம். உன் அப்பா போன நேரத்தில் நான் அதை நிறுத்தி வைத்திருப்பதாக மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். பெற்ற தகப்பன் போனது விடியற்காலை ஆறு மணிக்கு என்பதுகூடவா மறந்துவிட்டது? கடிகாரம் நிற்பது நாலரையில். முந்தின நாள் சாயங்காலம் நாலரைக்கு அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டிக் டிக் சத்தம் பதிவில் விழுகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அவ்வளவுதான் மர்மம். பிரிட்ஜையும் அதற்காகத்தான் அணைத்தேன், அது உறுமும். ஒரு நாள் திரும்பப் போட மறந்து பால் திரிந்துபோனது. அதை உன் தம்பி மனைவி பார்த்துவிட்டு, அத்தை சாப்பாட்டையே விட்டுவிட்டார்கள் என்று உன்னிடம் அழுதிருக்கிறாள். நீயும் விமானம் ஏறி வந்துவிட்டாய்.

வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? “என்னம்மா செய்யற?” என்று கேட்டிருந்தால் ஹெட்போனை உன் காதில் மாட்டியிருப்பேன். நீயும் உன் தம்பி மனைவியும் அடுக்களையில் நின்று குசுகுசுவென்று பேசினீர்கள். எனக்குப் பார்வைதான் மங்கல், காது மங்கவில்லை. “அண்ணி, அந்தக் கோட்டைப் பாத்தீங்களா? பட்டனுக்கெல்லாம் துணி சுத்தி நூல் கட்டி வெச்சிருக்காங்க. ஏதோ காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி” என்று அவள் சொன்னதும் நீ மூக்கை உறிஞ்சியதும் எனக்குக் கேட்டது. அவை பித்தளைப் பட்டன்கள், மகளே. என் முழங்கை பட்டு அசைந்தால் ஒன்றோடொன்று இடித்து மணி போலச் சத்தம் போடும். அதற்குத்தான் துணி சுற்றினேன். தையல் நன்றாக இருந்ததா என்று பார்த்திருக்கலாம். அதையும் யாரும் பார்க்கவில்லை.

பிறகு என்ன செய்தீர்கள்? சின்னவனோடு என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினீர்கள். அங்கே எனக்குக் கண்ணில் மருந்து விட்டபோது பாவி மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒன்றுமே தெரியாதவன் போல. மங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சும்மா தொண்டையைக் கனைத்தேன். கனைப்பு திரும்பி வந்தது. பார்வை தெளிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது, அலமாரி காலி என்று. நீ பின்னால் வந்து என் தோளைத் தடவி, “உன் பாரம் குறையட்டும்னுதாம்மா” என்றாய். பாரம் என்று நான் எப்போது உன்னிடம் சொன்னேன்? பூவேலை வளையத்தில் காலுறையை இழுத்துக் கட்டி, பகரம் சொல்லும்போது வாய்க்காற்று மைக்கில் அறையாமல் இருக்க ஒரு தடுப்புச் செய்து வைத்திருந்தேனே, அதையும் குப்பை என்று தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். மைக்கை மட்டும் தொடவில்லை. விலை உள்ள பொருள் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது என் நிலைமையைக் கேள். அந்தப் பாட்டுக்குக் கிட்டாரை முழுதாக வாசித்து முடித்துவிட்டேன், துணிகள் இருந்தபோதே. என் இடது கை மோதிர விரல் மடங்காமல் எத்தனை மாதமாகச் சண்டித்தனம் செய்கிறது என்று உனக்குத் தெரியும். அன்று ஒருநாள் என்ன தோன்றியதோ, சொன்னபடி கேட்டது. முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசிறு இல்லை. கான்வென்ட்டில் எனக்கு ஸ்வரம் பிசகினால் ஸ்கேலால் மேசையைத் தட்டும் அந்த இசை சிஸ்டரே வந்து உட்கார்ந்திருந்தாலும் ஸ்கேல் மடியில்தான் கிடந்திருக்கும். அதன் பிறகு அந்த விரல் தந்தியை அழுத்தவே இல்லை. விரலைப் பார்த்த டாக்டரும் இனி எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கிட்டார் பதிவு ஒன்றுதான், இனி இன்னொன்று கிடையாது. அதன் மேல் என் குரல் மட்டும் ஏற வேண்டும். இப்போது பாடினால் கிட்டார் ஒரு வீட்டிலும் குரல் வேறொரு வீட்டின் குளியலறையிலும் கேட்கிறது. அப்படி ஒரு பாட்டை நான் யாருக்கும் கேட்கக் கொடுக்க மாட்டேன். குரலுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

போனில் நீ சொன்னாய், “ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பாடேம்மா, எல்லாம் ஒண்ணுதானே” என்று. ஒன்றில்லை. வீட்டிலுள்ள போர்வை எல்லாவற்றையும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். மெத்தையை நிமிர்த்தி வைத்தும் பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். போர்வை குரலை முழுசாக விழுங்கிவிடுகிறது. அந்தக் கோட்டு அப்படியில்லை. விழுங்கியதில் கொஞ்சம் திருப்பித் தரும்.

எனவே சின்னவனைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். அப்பாவின் துணிகளை மூட்டை கட்டி எங்கே கொடுத்தாய், வா, இப்போதே போய்க் கோட்டை வாங்கி வருவோம் என்றேன். முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு, “அம்மா, என்னைத் திட்டாத. நான் குடுத்த மூட்டையில சட்டை பேன்ட்டுதான் இருந்துச்சு. கோட்டு இல்ல. அக்கா பெட்டியை நான்தான் தூக்கி வண்டியில வெச்சேன். வரும்போது இருந்ததைவிட ரெண்டு மடங்கு கனம். மேல அவ்வளவு கேக்காத” என்றான்.

மேலே நான் கேட்கவில்லை. நேற்றுப் போனில் கோட்டு என்ற வார்த்தையைச் சொன்னதும் நீ ஏன் பேச்சை மாற்றி, சிக்னல் இல்லை என்று வைத்தாய் என்பதையும் கேட்கவில்லை. என் பாரத்தைக் குறைக்க வந்தவள், அதில் எதைத் தூக்கிக்கொண்டு போனாய் என்று மட்டும் கேட்கிறேன்.

உன்னிடம் இருந்தால் அனுப்பு. சட்டைகள் போகட்டும். பேன்ட்டுகளும் போகட்டும், அவற்றுக்குப் பதில் என் புடவைகளைத் தொங்கவிட்டுச் சமாளித்துவிடுவேன். கோட்டு வேண்டும். பட்டனில் சுற்றிய துணியைப் பிரிக்காதே. தயவுசெய்து துவைக்கவும் வேண்டாம், சலவைக்கும் போட வேண்டாம். துவைத்தால் கம்பளி இறுகிவிடும், ஒலி மாறிவிடும். காலரைக்கூடத் துடைக்காதே. இதுவரை துவைத்திருக்க மாட்டாய் என்றே நினைக்கிறேன். இப்போது எதில் மாட்டி வைத்திருக்கிறாய்? கம்பி ஹாங்கரில் மாட்டாதே, தோள் சரிந்துவிடும். அவர் தோள் அகலத்துக்கு மர ஹாங்கர்தான் சரி.

பாட்டு முடிந்ததும் கோட்டை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். சொன்ன சொல் மாற மாட்டேன். நீயே கொண்டுவந்தாலும் சரி. வந்தால் பிரிட்ஜை அணைத்துப் போடும் வேலை உன்னுடையது; பதிவு ஓடும்போது மூக்கை உறிஞ்சக் கூடாது.

மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பேத்தி அவளுடைய லேப்டாப் இன்னும் உழைக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள். என் கோபம் இறங்கவில்லை, ஆனாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

கோட்டு உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? போன் செய்யாதே. முத்தம் கொடுக்கும் பொம்மைப் படமும் அனுப்பாதே. காகிதத்தில், உன் கையெழுத்தில், பதில் எழுது.

உன் அம்மா