தளபதியின் உயில்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

பள்ளி மாறுவேடப் போட்டியில் என் மகள் நித்யா அமெரிக்காவின் முதல் அதிபராக நிற்கப்போகிறாள். பஞ்சு ஒட்டிய டோப்பாவோடுதான் இன்று சாப்பிட உட்கார்ந்தாள். அவர் கதையைச் சொன்னேன். போர் நடத்தி நாட்டுக்கு விடுதலை வாங்கிய தளபதி, வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அது தவறு என்று அவருக்கே தெரியும். தன் மனைவி இறந்த பிறகு அவர்களை விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதினார்.

நித்யா டோப்பாவைக் கழற்றினாள்.

“அப்போ அந்த ஆன்ட்டி எப்போ சாவாங்கன்னு அடிமைங்க எல்லாரும் வெயிட் பண்ணுவாங்கல்ல, அம்மா? அவங்க சமைச்சத ஆன்ட்டி எப்படி சாப்பிட்டாங்க?”

அத்தனை பெரிய தளபதிக்கு இது தோன்றவே இல்லையா? தோன்றியும் எழுதினாரா? முதல் வாய் எடுக்கும்போது அந்த அம்மாள் யார் முகத்தைப் பார்த்திருப்பாள்?

ஏரவாடா பகுதியிலிருந்து எங்களுக்குச் சமைக்க வரும் சாந்தாபாய், சூடான சப்பாத்தியை என் தட்டில் போட்டாள். அவளுக்குத் தமிழ் புரியாது. “பேபி க்யா பூச் ரஹீ ஹை?” என்று, குழந்தை என்ன கேட்கிறாள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“குச் நஹீ, ஸ்கூல் கா நாடக்”, ஒன்றுமில்லை, பள்ளி நாடகம் என்றேன்.

முழுக்கதையையும் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஹிந்தி நன்றாகவே வரும்.