மாடி அறைக்கு இரண்டாவது ரவுட்டர்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் அழைக்கும்போதெல்லாம் அம்மா தான் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அதன் பிறகு போனில் பேச எனக்கும் பிடிப்பதில்லை, கடிதமே வசதி.

கீழே இருக்கும் ரவுட்டர் உங்கள் மாடி அறைக்கு எட்டுவதில்லை என்று அம்மா இன்னொன்று வாங்கி வந்தாள். விடுமுறைக்கு வரும்போது உங்களுக்கு உதவுமே என்று நானே இரண்டையும் இணைத்தேன். கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தொட்டேன். ஆனாலும் அம்மாவின் அலுவலகக் கூட்டம் பாதியில் அறுந்துவிட்டது. "படிச்சுப் படிச்சு ஓடிட்டிருந்ததையும் நிறுத்திட்டியே, மேதாவி!" என்றாள். எங்கே தவறினேன்?

உங்கள்
வாண்டு

ஜூன் 14

அன்பு வாண்டு,

இங்கே செல்போன் கோபுரம் ஏறுகிறேன், இறங்குகிறேன். வேறு செய்தி இல்லை.

உன் வீட்டில் இப்போது இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டுக்கொண்டு கருவிகளுக்கு முகவரி கொடுக்கின்றன. அதை ஒன்றுதான் செய்ய வேண்டும். புதியதில் அந்த வசதியை அணைத்துவிடு. அதன் சொந்த முகவரியையும் மாற்று. கீழிருந்து வரும் கேபிளைத் தனி நிறத்தில் இருக்கும் துளையில் செருகாமல் மற்றவற்றில் ஒன்றில் செருகு. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வை. மாடி ஏறினால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அப்பா

ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். போனில் ஓடிய பாட்டு நிற்காமல் மாடிவரை வந்தது! நீங்கள் விசாரித்ததை அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

பிறகு மாடிக்கு வந்து பார்த்தாள். "இதுக்கு வேற பேர் வை. பாஸ்வேர்டும் வேற."

"ஏம்மா? அப்பா ஒண்ணாத்தான் வைக்கச் சொன்னார்."

"வாடகைக்கு ஒரு டீச்சர் வராங்க. நம்ம பாஸ்வேர்டு அவங்களுக்கு எதுக்குடி?"

உங்கள் சட்டைகளை அட்டைப்பெட்டிகளில் வைத்து ஒட்டிவிட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன். "நீயே கேளு" என்றாள்.

தெரியுமா அப்பா? நீங்கள் வந்தால் எங்கே படுப்பீர்கள்? உங்கள் பதில் வரும்வரை பெயரை மாற்ற மாட்டேன்.

வாண்டு

ஜூலை 7

அன்பு வாண்டு,

தெரியும். அம்மா எழுதிக் கேட்டாள், நான்தான் சரி என்றேன். பெட்டிகளைச் சித்தப்பா வந்து எடுத்துக்கொள்வார். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பெயரை மாற்றிவிடு. எட்டு எழுத்துக்குக் குறையாமல் கடவுச்சொல் வை.

அப்பா

ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

மாற்றிவிட்டேன். பன்னிரண்டு எழுத்து.

டீச்சர் வந்துவிட்டார். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். "நெட் நல்லா வருதே, யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "கெட்டிக்காரி" என்றார்.

சித்தப்பா பெட்டிகளை எடுத்துப் போனார். ஒன்று சற்றுக் கனம், நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

உங்கள் கடிதத்தில் என்ன இருந்தது என்று நேற்று அம்மா கேட்டாள். ரவுட்டரைப் பற்றித்தான் என்றேன்.

வாண்டு