உன் பெயரில் கிடக்கும் என் ஆய்வேடு

வாலில்லாத என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் உட்கார்ந்து எழுத வேண்டியதாகிவிட்டது. பயந்து பாதியில் மூடிவைத்துவிடாமல் கடைசிவரை படி.

அம்மாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, இனிப் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான் என்று மாடி வீட்டிலிருந்து மருந்துக் கடை வரை சொல்லி முடித்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நேற்று என் வழிகாட்டிப் பேராசிரியை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கொடுத்த அறிக்கையில் ஒப்புமை தொண்ணூற்றாறு சதவீதம். பக்கம் பக்கமாகச் சிவப்பு. பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினேனே, அந்தப் பேட்டிகளும் சிவப்பு. அம்மாவுக்கு எழுதிய நன்றியுரைகூடச் சிவப்புதான். எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் வேறொரு பல்கலைக்கழக மாணவரின் கட்டுரை என்று மட்டும் இருந்தது. பெயரைக் காட்டாதாம். எனக்கு அந்தப் பெயரைக் காட்டத் தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்து உனக்குச் செய்தி அனுப்பினேன். எங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் பயிற்சிப் பெட்டி அன்றைக்குத் திறக்கவில்லை, அதனால் உன் வரைவைப் பழைய பாடக் கட்டுரைப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினாய். அதோடு ஆளைக் காணோம். மண்டு! பயிற்சிப் பெட்டியில் போட்டால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சேமிக்காமல் விட்டுவிடும். பாடப் பெட்டியில் போட்டால் உன் கட்டுரை என்று சேமித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் நான் கொடுப்பது உன்னிடமிருந்து எடுத்தது என்று காட்டும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்களே, நீ அந்த வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தாய்?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் துறையில் மாணவர்கள் ஒரே ஒரு முறைதான் பதிவேற்றலாம். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இடத்தில் வரைவைச் சரிபார்க்கலாம், கொடு அக்கா என்று நீதான் வாங்கினாய். மூன்று இடங்களில் மேற்கோள் குறி விட்டுப்போனதை நீ அனுப்பிய அறிக்கையைப் பார்த்துத்தான் திருத்தினேன். அந்த மென்பொருள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

பேட்டிகளின் ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து இது நான் எழுதியதுதான் என்று நிரூபித்துவிடலாம். ஆனால் அது வேறொருவன் கைக்கு எப்படிப் போனது, விற்றாயா என்று கேட்பார்கள் என்கிறார் பேராசிரியை. வியாழக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. நான் வாயைத் திறக்காவிட்டாலும் அந்தக் கட்டுரையைக் காட்டச் சொல்லி உங்கள் துறைக்கு மின்னஞ்சல் போகும். உன் பேராசிரியர் திறந்து பார்ப்பார். உன் பெயரில் என் ஆய்வேடு. போன வருடம் நண்பனுடைய ஆய்வக அறிக்கையைக் காப்பியடித்து நீ எச்சரிக்கை வாங்கியது அவருக்கு மறந்திருக்குமா? இரண்டாவது முறை என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நீதானே அழுதாய்.

அதனால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறாய். புரிகிறது. ஆனால் அவர்களாகக் கண்டுபிடித்தால் அது திருட்டு. நீயாகப் போய் முன்னாடியே சொன்னால் அது தவறு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் அனுப்பிய வரைவு உன் மின்னஞ்சலில் இருக்கும், தேதியோடு. அதை எடுத்துக்கொண்டு போய் உன் பேராசிரியரைப் பார். உட்காரச் சொல்லாவிட்டாலும் நின்றுகொண்டே சொல்.

உனக்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா என்றும் யோசித்தேன். சின்ன வயதிலிருந்து எதையெல்லாமோ விட்டுக்கொடுத்திருக்கிறேன், கணக்கே கிடையாது. இதை முடியாது. இது என் உழைப்பு. இப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை, அழுகைதான் வருகிறது.

குழு என்னிடம் நேராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒருவன் என்று மழுப்பவும் மாட்டேன். என் தம்பி என்றுதான் சொல்வேன். அந்த வார்த்தையை இதுவரை நான் எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அதை அந்த அறையில் குற்றப் பத்திரிகை மாதிரி என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, கண்ணா. எனக்கு முன்னால் நீ சொல்லிவிடு.

நன்றாக இருப்பாய்.

உன் மேல் கொள்ளைக் கோபத்தோடும் அதைவிடக் கூடுதலான பாசத்தோடும்,
அக்கா