எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ

அன்புள்ள ஜீவராணிக்கு,

நானும் பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை, அதுவரைக்கும் சுகம்தான். மீதியைப் போனில் சொல்ல முடியவில்லை. போனை எடுத்தால் நம் பிள்ளை டிலானி பக்கத்தில் நிற்கிறாள். அவள் இல்லாவிட்டால் லயத்து வரிசையில் அத்தனை வீடும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. மேல் லயத்துக் கலாராணி வியாழக்கிழமை குவைத்துக்குப் பறக்கிறாள். உன் கையிலேயே கொடுக்கிறேன் என்றாள். அதனால் எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்தைத் திரும்பவும் பிடித்து எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

மார்கழியில் லீவில் வருகிறாய், பொங்கல் முடிந்ததும் திரும்பிப் போகிறாய் என்று சொன்னாய். போகும்போது போன தடவை மாதிரியே பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்துக் கிளம்பிவிடலாம், அதுதான் நல்லது என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் ம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த ம்மைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை விட்டபாடில்லை. குசினியில் அடுப்புக்கு மேலே கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். ஆற்றோர மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து உன் தங்கச்சி தனலெட்சுமிக்கும் கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, இப்போது வற்றிவிட்டது, வாய் மட்டும் வீங்கவே இல்லை, நன்றாகத்தான் பேசுகிறாள். எனக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை வெட்டி வெட்டித் தோள்பட்டை வலிக்கிறது. நீ இருந்தால் எண்ணெய் தேய்த்துவிடுவாய். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இனிப் பிள்ளை. நீ போன நாளிலிருந்தே அவள் தூங்க மாட்டேன் என்கிறாள். கண் செருகும், கிள்ளிக்கொள்வாள். நான் கட்டியிருக்கும் சாரத்து முனையைத் தன் கவுன் முனையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மேசையில் தலையை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று தனலெட்சுமி சொன்னாள். கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் விபூதி போட்டு, நூல் கட்டினோம். நூல் பழுப்பேறி அறுந்தே போய்விட்டது, தூக்கம் வரவில்லை. உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, கடல் தாண்டி இருக்கிறவள் அழத்தான் செய்வாய் என்று சொல்லாமல் இருந்தேன்.

லுணுகலை டவுனில் அஸீஸ் நானாவின் கொப்பி, பென்சில் கடை உனக்குத் தெரியும். அங்கே ஒருநாள் இவளுக்குக் கொப்பி வாங்கப் போயிருந்தோம். கடையில் நானாவின் மனைவி ஜெமீலா அக்காதான் இருந்தார். நான் சாமான் எடுப்பதற்குள் இவள் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி விழித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் மகன் றில்வானும் அவனுடைய வாப்பும்மா, அதுதான் நானாவின் தாய், மவுத்தாகி அடக்கம் செய்தபோது சாப்பிடாமல் அடம் பிடித்தானாம், கதைப் புத்தகம் வாசித்துக் காட்டித்தான் அவன் மனதில் கிடந்ததை வெளியே எடுத்தேன் என்றார். அவன் சின்ன வயதில் வைத்திருந்த படப் புத்தகம் ஒன்றை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்து தந்தார். கொடுக்கும்போது, புள்ளைய பத்தி ஒண்டும் கேக்க வாணாம் தம்பி, கதைல வாற குட்டியப் பத்தி மட்டும் கேளுங்க, அவளா வருவா என்று சொல்லியனுப்பினார்.

அணில்குட்டிக் கதை. அம்மா அணில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழம் தேடிப் போகிறது. குட்டி கோபப்பட்டுக் கூட்டிலிருக்கும் பஞ்சையெல்லாம் பிய்த்து எறிகிறது. கடைசியில் அம்மா வருகிறது. அவ்வளவுதான்.

வேலை விட்டு வந்து, முகம் கழுவி, பிள்ளையை மடியில் வைத்து வாசித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறேனா, காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடுற மாதிரி வாசிக்காதீங்கப்பா என்று சொல்லிவிட்டாள். மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் மலையில் உட்கார்ந்து தனியாக வாசித்துப் பழகினேன். கவ்வாத்து ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியும்தானே. பக்கத்துக் காம்பரா வீரய்யா மாமா காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னை நிறுத்தி, அந்த அணிலு வந்துச்சா இல்லயாப்பா என்று கேட்டார். நான் பாதியில் தூங்கிப் போயிருந்தேன்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். கடைசிப் பக்கத்தில் அம்மா அணில் வந்ததும், பாத்தியா, நம்ம அம்மாவும் இப்படித்தான் வந்துரும் என்று ஆசையாகச் சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை மூடி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் கதை என்று சொன்னாலே எழுந்து போய்விடுவாள். கைக்கு வந்த பிள்ளையை நானே துரத்திவிட்டேனே என்று எனக்கு ஒரே வேதனை. ஆனால் ஜெமீலா அக்கா சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டி என் மடியில் போட்டாள். முதல் பக்கம் மட்டும் போதும் என்றாள். அம்மா அணில் குட்டியின் நெற்றியை முகர்ந்து, போயிட்டு வர்றேன் என்று சொல்லும் பக்கம். திரும்பத் திரும்ப அதையே வாசிக்கச் சொன்னாள். நான் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தக் குட்டிக்கு ஏன் இத்தனை கோபம் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, இதுக்கு எதுக்குக் கோவம், இதோட அம்மா சொல்லிட்டுத்தானே போச்சு, நம்ம அம்மா நான் தூங்கையிலதானே போச்சு, தூங்குனா நீங்களும் போயிருவீங்க என்றாள்.

ஜீவா, நீ போன அன்றைக்குக் காலையில் அவள் உன்னைக் குசினியில், பீலியடியில், தனலெட்சுமி காம்பராவில் தேடியது ஞாபகம் வந்தது. அம்மா லுணுகலைக்குப் போயிருக்கு, பின்னேரம் வந்துரும் என்றோம். பின்னேர பஸ் ஒவ்வொன்றுக்கும் ரோட்டுக்கு ஓடினாள். நம் தோட்டத்தில் வெளிநாட்டுக்குப் போகிற தாய்மார் எல்லாருமே இப்படித்தான் போகிறார்கள். பிள்ளை அழுவதைப் பார்த்தால் கால் எழும்பாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உனக்கு எழும்பியிருக்காதுதான். உன்மேல் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் அழ விடாமல் வைத்த அழுகையைத்தான் இந்தப் பிள்ளை இரண்டு வருடமாகக் கண்ணை விழித்துக் காவல் காத்திருக்கிறாள்.

நான் எங்கேயும் போக மாட்டேன், கடைக்குப் போனாலும் உன்னை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று அவளிடம் சொன்னேன். சொன்னபடி செய்தும் வருகிறேன். விடியக்காலையில் கொல்லைக்குப் போவதற்குக்கூட எழுப்பிச் சொல்கிறேன், திட்டு வாங்குகிறேன். நேற்று முடிச்சுப் போடாமல் தூங்கினாள்.

அதனால் கேட்கிறேன். தை மாதம் உன்னை ஏற்றிப்போக வேன் எந்த நேரத்தில் வந்தாலும் அவளை எழுப்பு. உட்கார வைத்து, முகம் கழுவி, எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று உன் வாயால் சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு. தனலெட்சுமி வேண்டாம் என்பாள், கேட்காதே. அழட்டும். காலைக் கட்டிக்கொண்டு கத்தட்டும். நான் தூக்கி வைத்திருப்பேன். நீ வளைவு திரும்பும் வரைக்கும் கை காட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு பிள்ளையோடு அந்தக் காம்பராவுக்குள் எப்படித் திரும்பிப் போவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கதிர்காமத்தான் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து எங்களிடம் சேர்க்கட்டும். அதுவரைக்கும்தான் அவனிடம் வேண்டியிருக்கிறேன். திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லி வேண்ட எனக்கு வாய் வரவில்லை.

என்றும் உன்,
தயாபரன்