அளவு தப்பிய கொசுவலை

அக்கா,

நேற்று எங்கள் சிட்லபாக்கம் வாடகை வீட்டுச் சன்னல்களுக்குக் கொசுவலை போட்டார்கள். புது வலையைப் பிரித்ததும் அந்த நைலான் வாடையும் பசை வாடையும் கூடம் முழுக்கப் பரவின. போட வந்தவர் ஒவ்வொரு சன்னலையும் இரண்டிரண்டு தடவை அளந்தார். நீங்கள் பார்த்திருந்தால், "இன்னாத்துக்கு இவ்ளோ அலட்டிக்கிறாரு?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்படி எதையாவது பார்த்தால் உங்களிடம் சொல்ல இன்னும் போனைத் தேடுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தது தாம்பரம் பக்கத்து ஹோமில். அம்மா இறந்த பிறகு என்னையும் தம்பியையும் அங்கே சேர்த்திருந்தார்கள். அங்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சோஷியல் ஒர்க்கர் மேடத்தை நியமிப்பார்கள். அவர்தான் சொந்தக்காரர்களைத் தேடுவார். யார் எங்கே போக வேண்டும் என்று பார்த்துச் சொல்வார். எங்களுக்கு இன்னும் யாரையும் நியமிக்கவில்லை. அது பெண் பிள்ளைகள் ஹோம். சின்னப் பையன்களைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்கள். பள்ளி திறப்பதற்குள் தம்பியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. மேடம் முதலில் வருவாரா, அவனை ஏற்றிப்போகும் வண்டி முதலில் வருமா என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

காத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தோள்பை மாட்டிய பெண் யார் கேட்டைத் திறந்தாலும் ஓடிப்போய்த் தலையை வாரிக்கொள்வோம். பார்க்க நல்ல பிள்ளைகளாக இருந்தால் மேடம் நம்மை எடுத்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. சொட்டு மருந்து கொடுக்க வந்தவர், குக்கர் விற்க வந்தவர் என்று எல்லோரும் எங்கள் பவுடர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். தோளில் பை, கையில் பேனா. அறை அறையாகப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டீர்கள். இதற்கு மேல் என்ன சந்தேகம்? தம்பிக்குத் தண்ணீர் தொட்டுத் தலை வாரி உங்கள் முன்னால் நிறுத்தினேன்.

"மேடம், இவன் அழவே மாட்டான். ஆனா நான் பக்கத்துல இருக்கணும். கேளம்பாக்கம் தாண்டி கடல்கிட்ட எங்க சித்தி மீன் விக்கிறாங்க. பேரு தெரியும், ஊரு தெரியாது. தேடுவீங்களா?"

அளவு டேப்பைச் சன்னலில் பிடித்தபடியே நின்றீர்கள். அம்மா கதை, சித்தி கதை, தம்பி கதை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சொன்னீர்கள்: "கண்ணு, நான் மேடம் இல்லடா. கொசுவலை போட வந்துக்கீறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "அப்போ எதுக்குக் கேட்டீங்க?" என்று கத்தினேன்.

"நீ சொன்ன, நான் கேட்டேன். இதுல இன்னா தப்பு கீது?" என்றீர்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளக்க ஆரம்பித்தீர்கள்.

அன்று எழுதிய அளவெல்லாம் தப்பு. வலை வந்தபோது எந்தச் சன்னலுக்கும் பொருந்தவில்லை. முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். வேண்டுமென்றே செய்தீர்களா என்று பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அவ்ளோ மூளை இருந்தா நான் ஏன் வலை போடப்போறேன்?" என்று சிரிப்பீர்கள். எப்படியோ, மறுபடி அளக்க வர வேண்டியதாயிற்று. வந்ததும் சன்னல் பக்கமே போகாமல் நேராக வார்டன் அக்காவிடம் போய், எங்களுக்கு ஏன் இன்னும் மேடம் வரவில்லை என்று கேட்டீர்கள்.

"ஆள் பத்தலம்மா. மேடம் வர்றப்ப வருவாங்க," என்றார் அவர்.

"அவங்க மெதுவாவே வரட்டும்க்கா. புள்ளையையும் அதே மாதிரி மெதுவா அனுப்புங்க."

வார்டன் அக்கா நல்லவர்தான். எந்த ஆபீசில் போய்க் கேட்க வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பினார். வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தீர்கள். "நீங்க யாரும்மா, சொந்தமா?" என்று கேட்டார்களாம். "இல்ல சார், அந்தப் புள்ளைங்க ஜன்னலுக்கு வலை போட்டுகினு கீறேன்," என்றீர்களாம். அந்த அதிகாரி முழித்த முழியை நீங்கள் நடித்துக் காட்டும்போதெல்லாம் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அதோடு விட்டீர்களா? திரும்பத் திரும்பப் போனீர்கள். உங்கள் தொல்லை தாங்காமலோ, எங்கள் முறையே வந்துவிட்டதோ, பள்ளி திறக்கும் முன் நிஜமாகவே ஒரு மேடம் வந்தார். தோள்பை இல்லை, ஹெல்மெட்டோடு வந்தார். நாங்கள் தலைகூட வாரியிருக்கவில்லை.

அவர் சித்தியைத் தேடிக் கண்டுபிடித்தார். சித்தி வியாபாரத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்து, "ரெண்டையும் குடுங்க, ஒண்ணா வளரட்டும்," என்று அழுதார். சித்தி வீட்டுக்கும் எங்களைப் பார்க்க வந்துகொண்டே இருந்தீர்கள். வரும்போதெல்லாம் சித்தியின் மீன் குழம்பில் உப்பு கம்மி என்பீர்கள். சட்டியைக் காலி செய்யாமல் போக மாட்டீர்கள். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் அக்கா. இருந்தபோது ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

தம்பி இப்போது வண்டலூர் பக்கம் வேலைக்குப் போகிறான். இருப்பது என்னோடுதான். இன்று காலை கடைசித் தோசையை அவன் எடுத்துக்கொண்டதில் பெரிய சண்டை. "எருமை" என்று திட்டினேன். திட்டிய பிறகு, அவன் திட்டும் தூரத்திலேயே இருப்பது உங்களால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே திட்டினேன். பக்கத்து அறையிலிருந்து பதிலுக்கு அவனும் திட்டினான்.